தேதி குறிக்காத ஆண்டுத் திட்டம்

2020 மே மாதத்தைப் போல வெயில் காய்ந்த மாதத்தை பிரிட்டன் அதுவரை கண்டதில்லை. மாதம் முழுக்கக் கூட்டினால் 266 மணி நேர வெயில். அந்நாட்டு வானிலைத் துறையின் பதிவேட்டில் வேறு எந்த மாதத்துக்கும் இல்லாத கணக்கு இது. வருஷம் பூராவும் மழைக்கோட்டைத் தோளில் சுமக்கும் ஜனங்களுக்குக் கூடாரம் அடிக்க இதைவிடத் தோதான மாதம் வாய்க்காது. ஆனால் அந்த மாதம் ஒரு சாரணர் படைகூடக் காட்டுப்பக்கம் போகவில்லை. பிள்ளைகள் நேரில் கூடுகிற எல்லா நிகழ்ச்சிகளையும் கொரோனா பரவியதால் சாரணர் தலைமையகம் மார்ச் மூன்றாம் வாரத்திலேயே நிறுத்திவிட்டது. கயிறும் கூடாரமும் குடிலுக்குள் பூட்டிக் கிடந்தன.

இதில் ஒரு முரண் உண்டு. 1918-இல் இன்ஃபுளுயன்சா பரவியபோது நியூயார்க்கில் சாரணச் சிறுவர்களைத் தெருவுக்கு அனுப்பினார்கள். நடைபாதையில் எச்சில் துப்புகிறவரைப் பார்த்தால், நீர் சுகாதார விதியை மீறுகிறீர் என்று அச்சடித்த அட்டையை அவர் கையில் கொடுப்பது அந்தப் பையன்களின் வேலை. நூறு வருஷம் கழித்து வந்த தொற்றில், சாரணர் செய்யக்கூடிய முதல் சேவை வீட்டுக்குள் இருப்பது என்று ஆனது. வெளியே போவதற்காகவே பிறந்த இயக்கத்துக்கு இது சாதாரணச் சோதனையல்ல.

பிரிட்டனின் ஏற்பாடு நம்முடையதிலிருந்து வேறு. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. நம் ஊரில் சாரணர் என்றால் பெரும்பாலும் பள்ளிக்கூடம்தான்: பள்ளி ஆசிரியரே சாரண ஆசிரியர், பள்ளி மைதானமே பயிற்சிக் களம். அங்கே அது பேட்டைக்காரர்களின் காரியம். வங்கியில் வேலை பார்ப்பவர், நர்ஸ், பிளம்பர், ஓய்வுபெற்ற தாத்தா என்று யாராவது வாரத்தில் ஒரு மாலை, பெரும்பாலும் ஆறு மணிக்கோ ஏழு மணிக்கோ, சர்ச் கூடத்திலோ படைக்குச் சொந்தமான குடிலிலோ பிள்ளைகளைக் கூட்டுகிறார்கள். சம்பளம் கிடையாது. ஆறு வயது முதல் எட்டு வரை பீவர், பத்தரை வரை குருளையர், பதினான்கு வரை சாரணர், பதினெட்டு வரை எக்ஸ்ப்ளோரர் என்று வயதுவாரியாகப் பிரிவுகள். பள்ளிக்கூடத்தோடு ஒட்டில்லை என்பதால், பள்ளி திறந்ததும் தானாகத் திறந்துகொள்ளும் வசதியும் அதற்கு இல்லை. 2020 ஆகஸ்டில் வரப்போகிற பன்னிரண்டு மாதத்துக்குத் திட்டம் போட உட்கார்ந்தவர்கள் இந்த நர்ஸும் பிளம்பரும்தான். அதுவும் அவரவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், இரவில், ஜூம் வழியாக.

வழக்கமான வருஷத்தில் அந்தத் திட்டம் ஒரு காலண்டர். செப்டம்பரில் புதுப் பிள்ளைகள் சேர்க்கை, நவம்பரில் போரில் இறந்தவர்களுக்கான நினைவு அணிவகுப்பு, டிசம்பரில் கிறிஸ்துமஸ் விருந்து, ஏப்ரல் 23-இல் புனித ஜார்ஜ் நாள், மே கடைசியில் குட்டி முகாம், ஆகஸ்டில் ஒரு வாரப் பெரிய முகாம். நல்ல முகாம் மைதானத்துக்கு ஒரு வருஷம் முன்பே முன்பணம் கட்டிவிட வேண்டும். படகு ஓட்டக் கற்றுத்தருகிறவர், மினி பஸ், சமையல் பாத்திரம் எல்லாமே தேதி சொன்னால்தான் கிடைக்கும். அந்த வருஷம் மாயமானது தேதிதான்.

பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகள் எந்த நிலையில் எந்த அளவுக்கு நடக்கலாம் என்று வரையறுக்க, இங்கிலாந்தின் தேசிய இளைஞர் முகமை நான்கு நிறம் வகுத்தது. சிவப்பு என்றால் நேரில் சந்திப்பே கிடையாது. செம்மஞ்சளில் திறந்தவெளியில் மட்டும், சிறு குழுவாகக் கூடலாம். மஞ்சளில் கூரைக்கு அடியிலும் கூடலாம், ஆனால் கூட்டம் சிறிதாகவே இருக்க வேண்டும். பச்சையில் ஏறக்குறைய பழைய மாதிரி. நடுவிலுள்ள இரண்டு நிறங்களிலும் குழுவின் அளவாகப் பெரும்பாலும் கேட்ட எண் 15. முப்பது பிள்ளைகள் உள்ள படை பாதியாக உடைந்தாக வேண்டும். நிறத்தை மேலிடம் மாற்றும்; எப்போது என்று முன்கூட்டிச் சொல்லாது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்கு வேறு வேறு விதிகள். 2020 அக்டோபர் 23-இல் வேல்ஸ் பதினேழு நாள் முழுமையாகக் கதவடைத்தபோது எல்லைக்கு இந்தப் பக்கம் இங்கிலாந்துப் பிள்ளைகள் மைதானத்தில் இருந்தார்கள். வேல்ஸ் திறந்த நவம்பர் 9-இல் இங்கிலாந்து பூட்டிக் கிடந்தது.

விவரமான படைத் தலைவர்கள் இங்கேதான் காலண்டரைத் தூக்கிப் போட்டார்கள். மாதத்துக்கு ஒரு கட்டம் போடுவதை விட்டுவிட்டு நிறத்துக்கு ஒரு கட்டம் போட்டார்கள். நட்சத்திரம் பார்ப்பது என்று ஒரு நிகழ்ச்சி இருந்தால் அதற்கு நான்கு உருவம். சிவப்பில் அவரவர் ஜன்னலிலிருந்து, எல்லோரும் ஒரே நேரத்தில், திரையில் ஒருவர் வழிகாட்ட. செம்மஞ்சளில் பூங்கா மேட்டில் சிறு குழுவாக. மஞ்சளில் மழை வந்தால் கூடத்துக்குள் ஒதுங்கலாம் என்ற சலுகையோடு. பச்சையில் ராத்தங்கலோடு. சிவப்பாக இருக்கும் வாரத்தில் வீட்டிலேயே முடிச்சும் முதலுதவியும் வரைபட வாசிப்பும் கற்றுக்கொள்வது, செம்மஞ்சள் வந்ததும் அதையே தரையில் செய்து பார்ப்பது என்று நிறங்களையும் ஒன்றோடொன்று கோத்தார்கள். ரத்தான நிகழ்ச்சி என்று எதுவும் இல்லை. இடம் மாறிய நிகழ்ச்சிதான் உண்டு. என் பார்வையில் அந்த வருஷத்தின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு இதுதான், இதற்குப் பேர்கூட யாரும் வைக்கவில்லை. தேதி போட்டுத் திட்டமிட்டவர்கள் வருஷம் முழுக்கப் பெற்றோருக்கு மன்னிப்பு மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பிரவுன்சி தீவில் போட்ட அச்சு

பதினைந்து என்ற எண்ணைக் கேட்டதும் பள்ளிகளும் விளையாட்டுக் கழகங்களும் மலைத்தன. சாரணர்களுக்கு அது புதிதல்ல. 1907 ஆகஸ்டில் டோர்செட் கரையோரம் பிரவுன்சி தீவில் சாரண இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் நடத்திய முதல் சோதனை முகாமுக்கு வந்தவர்கள் இருபது சொச்சம் பையன்கள். சீமான் வீட்டுப் பிள்ளைகளும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் கலந்திருந்தார்கள். அவர்களை ஓநாய், காளை, காகம், கர்லூ பறவை என்று நான்கு அணியாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு பையனையே தலைவனாக்கினார். சமையல், கூடாரம், காவல் எல்லாம் அணிக்குள்ளேயே. பெரியவர் எட்ட நின்று பார்ப்பார்.

காலப்போக்கில் பிரிட்டனின் பல படைகளில் இந்த அணிமுறை பேருக்கு மட்டும் இருந்தது. முப்பது பேரும் ஒரே கூடத்தில் ஒரே விளையாட்டு விளையாடுவது நடத்துபவருக்குச் சுலபம். தொற்றுக்காலம் அந்தச் சுலபத்தைப் பறித்துக்கொண்டது. ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணி, தனக்கென அடுப்பும் கயிறும் பாத்திரமும் வைத்துக்கொண்டு, மற்ற அணிகளோடு கலக்காமல் இயங்கினால், யாருக்காவது காய்ச்சல் வந்தால் அந்த அணியை மட்டும் வீட்டில் இருத்தினால் போதும். நோய்த்தடுப்பு நிபுணர்கள் 2020-இல் குமிழி என்று சொன்ன ஏற்பாட்டின் அச்சு 1907-லேயே போடப்பட்டிருந்தது. பேடன் பவல் கிருமியை நினைத்து அதைச் செய்யவில்லை என்பது வேறு விஷயம். பொறுப்பைக் கொடுத்தால் பையன்கள் வளர்வார்கள் என்பது அவருடைய கணக்கு.

ஆண்டுத் திட்டமும் அதனால் அணிவாரியாக ஆனது. முதல் வாரம் இரண்டு அணிகள் மைதானத்தில். மற்ற இரண்டு அணிகள் வீட்டிலிருந்தபடி அடுத்த வார நடைக்கு வழித்தடம் வரையும். மறுவாரம் மாற்றிக்கொள்வார்கள். பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி தன் அணிக்கான வழியை 1:25,000 அளவு வரைபடத்தில் தானே பென்சிலால் போட்டு, எங்கே கழிப்பறை திறந்திருக்கும் என்பதுவரை விசாரித்து எழுதி அனுப்ப வேண்டும். கழிப்பறை சின்ன விஷயம் இல்லை. சர்ச் கூடமும் நூலகமும் மூடியிருந்த நாட்களில், ஆறு வயது பீவர் பிள்ளைகளை ஒன்றரை மணி நேரம் வெளியே வைத்திருப்பதென்றால், திட்டத்தை முடிவு செய்ததே அதுதான். அடுத்தது வண்டி. ஒரு வீட்டுக் காரில் இன்னொரு வீட்டுப் பிள்ளையை ஏற்றக் கூடாது. மினி பஸ்ஸை மறந்துவிட வேண்டும். ஆகவே நடந்தோ சைக்கிளிலோ போகக்கூடிய தூரமே உலகத்தின் எல்லை. தம் ஊருக்குப் பின்னால் இப்படி ஒரு ஓடை இருப்பதே பல படைகளுக்கு அப்போதுதான் தெரியவந்தது.

ஒரு பையனுக்கு ஒரு தீ

நேரில் கூடிய ஒரு மாலை எப்படி இருந்தது என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். பெற்றோர் வண்டியைவிட்டு இறங்கக் கூடாது. பிள்ளை தன் குவளை, தன் கரண்டி, தன் டார்ச், மேலே பெயர் எழுதிய சாப்பாட்டு டப்பா எல்லாவற்றையும் தானே கொண்டுவரும். வருகிறவர் பெயரும் நேரமும் தொலைபேசி எண்ணும் ஏட்டில் ஏறும். தொற்று உறுதியானால் தொடர்புகளைத் தேட அந்த ஏடு 21 நாள் கையில் இருக்க வேண்டும். சாரணருக்கே உரிய இடக்கைக் குலுக்கல் இல்லை, மூன்று விரல் சல்யூட் மட்டும். தொட்டுப் பிடிக்கிற விளையாட்டு கூடாது. அதற்குப் பதில் இருட்டில் டார்ச் வெளிச்சத்தை ஒருவர்மேல் பாய்ச்சி அவர் பெயரைச் சரியாகச் சொன்னால் அவர் அவுட். தொட்டுப் பிடிப்பதைவிட இதுதான் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனது. முடிச்சுப் பயிற்சிக்குக் கொடுத்த கயிறு 72 மணி நேரம் யார் கையும் படாமல் கிடக்க வேண்டும். வாரம் ஒரு முறை கூடும் படைக்கு அது பிரச்சினையே அல்ல. பாதிப் பேரை திங்கட்கிழமையும் மீதிப் பேரை செவ்வாயும் வரச் சொன்ன படைகளுக்குத்தான் இரண்டு செட் கயிறு வாங்க நேர்ந்தது.

பாசறைத் தீயைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து பாடுவதுதான் சாரணர் வாழ்க்கையின் உச்சம். அது இரண்டு வகையில் அடிபட்டது: சுற்றி உட்காரவும் கூடாது, வாய்விட்டுப் பாடவும் கூடாது. மாற்று ஏற்பாடாகக் கிடைத்தது ஆளுக்கொரு தீ. மண் பூந்தொட்டியிலோ பழைய தகர டப்பாவிலோ, வாஸ்லின் தடவிய பஞ்சைத் திரித்து வைத்து, உரசுகோலால் பொறி தட்டி, சுள்ளி அடுக்கிச் சின்னதாகத் தீ வளர்ப்பது. இரண்டு மீட்டருக்கு ஒன்றாகப் பதினைந்து குட்டித் தீ. பழைய முறையில் ஒருவன் தீ மூட்டுவான், இருபது பேர் குளிர் காய்வார்கள். இப்போது பதினைந்து பேரும் மூட்டியே ஆக வேண்டும். காற்றில் அணைந்தால் மறுபடி முதலிலிருந்து. தீ மூட்டத் தெரிந்த சாரணர்களின் எண்ணிக்கை அந்த இலையுதிர் காலத்தில் ஏறியிருக்கத்தான் வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு ஆபத்து ஒளிந்திருந்தது. கைக்குப் போடும் சானிட்டைசரில் பெரும்பங்கு ஆல்கஹால். அதைத் தடவிய கை காயுமுன் தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். எரியும் ஜுவாலை கண்ணுக்குச் சரியாகத் தெரியவும் தெரியாது. நோய்க்குப் பயந்து தடவியது தீக்காயத்தில் கொண்டுபோய் விட்டிருக்கும். தீ மூட்டும் மாலைகளில் சானிட்டைசர் பாட்டிலை வண்டியிலேயே வைத்துவிட்டு, குழாய் வைத்த தண்ணீர் கேனும் சோப்பும் கொண்டுவந்தார்கள் விஷயம் தெரிந்தவர்கள். இடர் மதிப்பீடு என்று பிரிவுக்கு ஒன்றாக எழுதி மேலே அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டியிருந்த கட்டுக் கட்டான காகிதங்களைப் பலர் திட்டித் தீர்த்தார்கள். திட்டியதில் நியாயம் உண்டு. பாதிக் காகிதம் யாரும் படிக்காத காகிதம். ஆனாலும் சானிட்டைசரையும் நெருப்பையும் ஒரே பக்கத்தில் எழுத வைத்தது அந்தக் காகிதம்தான்.

அக்டோபர் 25-இல் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியதும் மாலை ஏழு மணி கும்மிருட்டானது. லண்டனில் டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வெளியேதான் கூட வேண்டும், வெளியே இருட்டு, குளிர். இருட்டையே பாடமாக்கிக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். அந்த டிசம்பர் 21-இல் வியாழனும் சனியும் வானத்தில் ஒட்டினாற்போல வந்தன. 1623-க்குப் பிறகு அவ்வளவு நெருக்கம் கிடையாது. பல தலைவர்கள் இதைக் குறித்து வைத்திருப்பார்கள். அதிலும் ஒரு சிக்கல்: இரண்டு கோளும் சூரியன் மறைந்த கையோடு தென்மேற்கு அடிவானத்தில் இறங்கிவிடும், ஏழு மணிக்கு வந்தால் ஒன்றும் தெரியாது. கூட்டத்தையே நாலரைக்கு மாற்ற வேண்டும். லண்டனும் தென்கிழக்கும் அதற்கு முந்தின நாள்தான் மிகக் கடுமையான நான்காம் அடுக்குக் கட்டுப்பாட்டுக்குள் போயின. நிறவாரியாகத் திட்டம் வைத்திருந்தவர்கள் சிவப்புக் கட்டத்தைப் பார்த்து, பிள்ளைகளை அவரவர் வாசலில் நின்று பார்க்கச் சொன்னார்கள். ஜனவரி முதல் வாரம் நாடே பூட்டிக்கொண்டது.

மறுபடி திறந்த நாள் 2021 மார்ச் 29. திறந்தவெளியில் மட்டும் கூடலாம். முந்தின வருஷ வசந்தத்தின் வெயிலை மனதில் வைத்து வெளியே வந்தவர்களை ஏப்ரல் உறைபனி எதிர்கொண்டது. அந்த மாதத்தின் இரவுக் குளிர் சராசரி 1922-க்குப் பிறகு மிகத் தாழ்வு. உறைபனி விழுந்த நாட்கள் அறுபது ஆண்டில் அதிகம். போதாததற்கு மே மாதம் மழை கொட்டியது. வேல்ஸுக்கு அதுவரை பதிவான மே மாதங்களிலேயே அதுதான் அதிக ஈரம். உள்ளே அழைத்துப் போகலாம் என்ற வழியே இல்லாத வாரங்களில் நல்ல மழைக்கோட்டு இல்லாத பிள்ளை என்ன செய்யும்? படை நிதியில் கோட்டும் பூட்ஸும் வாங்கி இரவல் தந்த இடங்களில் பிள்ளைகள் வந்தார்கள். வெளியே நடத்துகிற திட்டம் என்றால் முதல் செலவு உடுப்பில்தான் என்பதை மே மாத மழை கற்றுக்கொடுத்தது.

மே 17-இல் இரவுத் தங்கலுக்கு வழி பிறந்தது. எட்டுப் பேர் படுக்கும் பழைய கான்வாஸ் கூடாரத்தைக் கிடங்கில் விட்டுவிட்டு, ஒருவருக்கான குட்டிக் கூடாரங்களைத் தேடிப் பிடித்தார்கள். முகாம் நடத்தும் பெரியவருக்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும் என்பது அங்கே பழைய விதி. அதை வைத்திருந்தவர்களில் பலர் வயதானவர்கள், வீட்டைவிட்டு வரத் தயங்கியவர்கள். முகாமுக்கு யாரை முதலில் அழைப்பது என்பதிலும் ஒரு கணக்கு வந்தது. பதினான்கு வயதானால் சாரணர் பிரிவிலிருந்து மேலே போய்விட வேண்டும். 2020 மார்ச்சில் பன்னிரண்டைத் தாண்டியிருந்தவர்கள் ஒரு முழு வருஷத்தைக் கூடாரத்தில் ஓர் இரவுகூடப் படுக்காமல் இழந்தவர்கள். அவர்களுக்கு முதல் இடம் கொடுத்த படைகள் செய்தது சரி. போலந்தின் கதான்ஸ்க் நகரில் 2020-இல் நடக்கவிருந்த ஐரோப்பிய ஜம்போரி என்ற சாரணர் பெருந்திரள் முகாம் ஒரு வருஷம் தள்ளிப்போய், பிறகு அடியோடு ரத்தானது. அந்த வயதுப் பிள்ளைகளுக்கு அது திரும்ப வரவே இல்லை. இளையோருக்கான எடின்பரோ கோமகன் விருதுக்கு முயன்றவர்களுக்கு, அதன் ஒரு பிரிவான நெடும்பயணம் போக முடியாவிட்டாலும் மற்ற மூன்று பிரிவுகளை முடித்ததற்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். மலையேறாத மலையேற்றக்காரருக்கு அது எவ்வளவு ஆறுதல் தந்திருக்கும் என்று தெரியாது.

வீட்டிலேயே முகாம் என்பதைப் பத்திரிகைகள் கொண்டாடின. டெவன் பகுதியில் பத்து வயதுப் பையன் ஒருவன், புற்றுநோயில் இறந்த பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்துவிட்டுப் போன கூடாரத்தை 2020 மார்ச்சில் தோட்டத்தில் அடித்துப் படுக்க ஆரம்பித்து மூன்று வருஷம் வெளியிலேயே தூங்கி, அவரைப் பராமரித்த மருத்துவ இல்லத்துக்கு ஏழு லட்சம் பவுண்டுக்குமேல் திரட்டித் தந்தான். அருமையான கதை, சந்தேகமில்லை. ஆனால் அதற்கு ஒரு தோட்டம் வேண்டும். பிரிட்டனில் எட்டு வீட்டில் ஒன்றுக்குத் தோட்டமே கிடையாது என்று அந்த நாட்டுப் புள்ளியியல் அலுவலகம் அதே வருஷம் சொன்னது; லண்டனில் ஐந்தில் ஒன்று. அடுக்குமாடியின் ஒன்பதாம் தளத்தில், வரவேற்பறைக் கம்பளத்தில், நாற்காலிமேல் போர்வை போட்டு முகாம் என்று சொல்லிக்கொண்ட பிள்ளைகளைப் பற்றி அட்டைப்படம் வரவில்லை. திரை வழியாக நடந்த கூட்டங்களிலும் இதே பிரிவினை: தனி அறையும் தனிக் கணினியும் உள்ள பிள்ளை நிலைத்தது, அம்மாவின் போனைப் பிடுங்கி வந்த பிள்ளை நழுவியது. 2021 ஜனவரிக் கணக்கெடுப்பில் பிரிட்டன் சாரணர் இயக்கத்தின் இளையோர் எண்ணிக்கை ஏறக்குறைய கால் பங்கு சரிந்திருந்தது. அந்தக் கால் பங்கில் எந்த வீட்டுப் பிள்ளைகள் அதிகம் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விகள் எழவே இடமில்லாமல் போயிற்று. படை பள்ளிக்குள் இருந்ததால் பள்ளியோடு சேர்ந்து பூட்டப்பட்டது. 2021 ஜனவரி 19-இல் 10, 12-ஆம் வகுப்புகளுக்கும் பிப்ரவரி 8-இல் 9, 11-ஆம் வகுப்புகளுக்கும் பள்ளி திறந்து, இரண்டாம் அலையில் மறுபடி மூடி, செப்டம்பர் 1-இல் 9 முதல் 12 வரையும் நவம்பர் 1-இல் மற்றவர்களுக்கும் கதவு திறந்தது. சின்னப் பையன்களின் பிரிவான குருளையரும் சிறுமிகளின் பிரிவான நீலப்பறவையரும் இருக்கும் வயது கடைசி வரிசையில். அதற்குள் பாடம் விட்டுப்போன கவலை எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. ஒரே தெருவில் ஆறு சாரணர் இருந்தும் அவர்களை ஓர் அணியாகப் பக்கத்துத் தோப்பில் கூட்ட யாருக்கும் அதிகாரம் இல்லை, ஏனென்றால் அணி வகுப்பறைப் பதிவேட்டில் இருந்தது, தெருவில் இல்லை. பள்ளியைச் சார்ந்திருப்பதால் நமக்கு ஏழைப் பிள்ளையும் கிடைக்கிறது, கிராமமும் கிடைக்கிறது. பிரிட்டனுக்கு அது லேசில் கிடைக்காத வரம். அதன் விலை அந்த இரண்டு வருஷத்தில் தெரிந்தது.

2021 ஜூலை 19-இல் இங்கிலாந்து கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. செப்டம்பரில் சாரணர் இயக்கம் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்காக ஸ்குவிரல் என்ற புதுப் பிரிவைத் தொடங்கியது. தொற்றில் அதிகம் அடிபட்ட, வசதி குறைந்த பேட்டைகளைக் குறிவைத்து. பிள்ளைகள் திரும்பிவரத் தொடங்கினார்கள்; அடுத்த கணக்கெடுப்பிலேயே எண்ணிக்கை ஏறுமுகம். பெரியவர்கள் அவ்வளவு வேகமாகத் திரும்பவில்லை. வாரத்தில் ஒரு மாலையை வீட்டிலேயே கழித்துப் பழகியவர்கள் மறுபடி அதைக் கொடுக்கத் தயங்கினார்கள். சேரக் காத்திருக்கும் பிள்ளைகளின் பட்டியல் பல ஊர்களில் நீண்டது, நடத்த ஆளில்லாத காரணத்தால். இரவுத் தங்கல் அனுமதிச் சீட்டு வாங்கப் புதிதாக யார் வருவார்கள் என்பதுதான் இப்போது அந்தச் சாப்பாட்டு மேஜைகளில் முதலில் பேசப்படுவது.